கடலுக்கு மருந்து போட்டது யார்?

வாசகர் கேள்வி:

நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பில் கடல் அமிலமாவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, “மிஸ், 5.6 கோடி வருஷத்துக்கு முன்னாடியும் பூமி இப்படித்தான் சூடாச்சாம், கடலும் கெட்டுப்போச்சாம். அப்ப மனுஷனே கிடையாது. யாரும் மருந்து போடல, தானா சரியாயிடுச்சு. இப்பவும் ஆயிடாதா?” என்றான். வகுப்பே சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் இன்னொரு மாணவி: “டைனோசர் காலத்துல காத்துல கார்பன் டை ஆக்ஸைடு இப்ப இருக்கறதைவிட அதிகமாம். ஆனா பெரிய பெரிய சுண்ணாம்புப் பாறை எல்லாம் அப்பதான் உருவாச்சாம். அமிலமான கடல்ல சுண்ணாம்பு எப்படி மிஸ் படியும்?” அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன். உண்மையில் எனக்கே தெரியவில்லை. கடலின் வேதியியல் எப்படித் திரும்பச் சரியானது? 14 வயதுப் பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

முதல் வேலையாக அந்தப் பையனிடம் “நீ சொன்னது சரி” என்று சொல்லிவிடுங்கள். கடல் தானாகத்தான் சரியானது. அவனை மடக்குவதற்காக “அப்படியெல்லாம் இல்லை” என்று ஆரம்பித்தால் வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்துவிட்டு மறுநாள் உங்களை மடக்குவான். கடல்தரை வண்டலைத் தோண்டிப் படிப்பதுதான் என் தொழில். நன்கு படித்த பெரியவர்களே இதே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். அவர்களைவிட உங்கள் மாணவன் ஒரு படி மேல். “மருந்து” என்ற வார்த்தையை அவனாகவே கொண்டுவந்திருக்கிறான். மருந்து இருந்தது. அது என்ன, எங்கே இருந்தது, வேலை செய்ய எத்தனை நாள் எடுத்தது என்று சொன்னாலே அவன் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். “அமிலக் கடல்” என்று நாங்களும் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டோம். கடல் அப்போதும் உண்மையான அமிலமாக மாறவில்லை, இப்போதும் மாறவில்லை. தொழிற்புரட்சிக்கு முன் கடலின் மேற்பரப்பில் பி.எச். (நீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) சுமார் 8.2, இன்று சுமார் 8.1. ஏழுக்கு மேலே இருப்பதால் அது காரநீர்தான். 0.1 என்றதும் பிள்ளைகள் “இவ்வளவுதானா” என்பார்கள். பி.எச். மடக்கை அளவு என்பதை அங்கே நினைவுபடுத்துங்கள்: 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனி ஏறக்குறைய 26 சதவீதம் கூடுகிறது, 0.3 குறைந்தால் இரட்டிப்பாகிறது. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வெப்பக் காலத்தில் பி.எச். ஏறக்குறைய 0.3 சரிந்தது. வட பசிபிக்கின் ஷாட்ஸ்கி மேட்டிலிருந்து எடுத்த வண்டலில், மேல்நீரில் வாழ்ந்த ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிரிகளின் ஓட்டில் உள்ள போரான் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளை) அளந்துதான் இதைக் கணக்கிட்டார்கள்.

அந்தக் காலத்துக்குப் பாலியோசீன்–ஈயோசீன் வெப்ப உச்சம் என்று பெயர். அண்டார்க்டிகாவை ஒட்டிய வெட்டெல் கடலில் எடுத்த வண்டலில் ஜேம்ஸ் கென்னெட்டும் லோவெல் ஸ்டாட்டும் இதன் தடயத்தைப் படித்து 1991-இல் எழுதினார்கள். பூமியின் சராசரி வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறியது. காற்றிலும் கடலிலும் புதிதாகச் சேர்ந்த கார்பன் சில லட்சம் கோடி டன்னிலிருந்து 10 லட்சம் கோடி டன்னுக்கு மேல் வரை இருக்கலாம். கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். வட அட்லாண்டிக் திறந்துகொண்டிருந்தபோது அங்கே வெடித்த எரிமலைகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பது ஒரு வலுவான கட்சி. கடலடி மீத்தேன் என்பது இன்னொரு கட்சி. அந்த வழக்கை வகுப்பில் திறக்காதீர்கள், ஒரு பீரியடே போய்விடும்.

சரி, கார்பன் டை ஆக்ஸைடு கடலில் கரைந்தால் என்ன ஆகிறது? பலகையில் ஒரே ஒரு சமன்பாடு எழுதுங்கள். கார்பன் டை ஆக்ஸைடு ஒன்று, தண்ணீர் ஒன்று, கார்பனேட் அயனி ஒன்று. மூன்றும் சேர்ந்து இரண்டு பைகார்பனேட் அயனி. இதில் பிள்ளைகள் பார்க்க வேண்டியது நடுவில் காணாமல் போகும் அந்தக் கார்பனேட்டை. சிப்பியும் பவளமும் மிதவை உயிரிகளும் கால்சியத்தோடு சேர்த்து ஓடு கட்டுவதற்குத் தேவையான சரக்கு அதுதான். கடல் தன் கையிருப்புக் கார்பனேட்டைச் செலவழித்துத்தான் வந்த வாயுவை விழுங்குகிறது. கையிருப்பு குறையக் குறைய ஓடு கட்டுவது கடினமாகும். ஓர் அளவுக்குக் கீழே போனால் கட்டிய ஓடே கரைய ஆரம்பிக்கும்.

கரைந்ததற்குச் சாட்சி இருக்கிறது. 2003-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல், ஆப்பிரிக்காவின் தென்மேற்கே தென் அட்லாண்டிக்கில் உள்ள வால்விஸ் முகட்டுக்குப் போனது. அது கடலுக்கடியில் நீளமாகச் சரிந்து கிடக்கும் மலைத்தொடர். அதன் சரிவில் சுமார் 2.5 கி.மீ. ஆழம் முதல் 4.8 கி.மீ. ஆழம் வரை பல இடங்களில் துளையிட்டு வண்டலை உருளை உருளையாக எடுத்தார்கள். அந்த உருளைகளின் படத்தை வகுப்பில் காட்ட முடிந்தால் காட்டுங்கள். என் பத்துப் பத்தியைவிட அது நன்றாகப் பேசும். கீழே வெளுத்த சுண்ணாம்புச் சேறு. திடீரென்று கத்தியால் கோடு கிழித்ததுபோல் செங்களிமண். அதற்கு மேல் மெல்ல மெல்ல வெளுத்து, மறுபடியும் வெள்ளை.

களிமண் எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. காற்றிலும் நீரிலும் அடித்துவரப்படும் தூசி எப்போதும் கடலடியில் படிந்துகொண்டேதான் இருக்கிறது. மேலிருந்து விழும் கோடானுகோடி நுண்ணுயிரி ஓடுகளின் வெள்ளையில் அது தெரிவதில்லை. ஓடு கரைந்துபோனால் களி மட்டும் மிஞ்சும். ஆழம் கூடக் கூடச் சுண்ணாம்பு கரைவது அதிகமாகும் என்பதால், எந்தக் கடலிலும் ஓர் ஆழத்துக்குக் கீழே வெள்ளை மிஞ்சாது. இன்றைய அட்லாண்டிக்கில் அந்த எல்லை ஏறக்குறைய 5 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. வால்விஸ் உருளைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட ஜேம்ஸ் சாக்கோஸ் குழுவினர், அந்த எல்லை 10,000 ஆண்டுகளுக்குள் 2 கி.மீ.க்கு மேல் உயர்ந்தது என்று 2005-இல் காட்டினார்கள். ஆழமான இடங்களில் களிமண் தடிமன் அதிகம், மேடான இடங்களில் குறைவு. அந்த எல்லைக்குக் கீழே கடைசியில் போன மேடு முதலில் மீண்டது, அவ்வளவுதான்.

அந்தக் கூர்மையான கோட்டைப் பார்த்து “ஒரே நாளில் நடந்துவிட்டது” என்று நினைத்துவிடக் கூடாது. நானே ஆரம்பத்தில் அப்படி ஏமாந்தவன். புதிதாக விழுந்த ஓடு மட்டும் கரையவில்லை, முன்பே படிந்து கிடந்த பழைய சுண்ணாம்பும் மேலிருந்து கொஞ்சம் கரைந்துபோனது. நாட்குறிப்பு எழுதியவரே முதல் சில பக்கங்களைக் கிழித்துப் போட்ட மாதிரி. அதனால் தொடக்கம் எவ்வளவு வேகமாக நடந்தது என்பதை ஆழ்கடலில் படிக்க முடியாது. சுண்ணாம்பு கரையாமல் தப்பிய கரையோர வண்டலில்தான் தேட வேண்டும்.

இனி மருந்துக்கு வருவோம். வெள்ளை மறைந்ததை எல்லோரும் நோயின் அடையாளமாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் சிகிச்சை தொடங்கியதும் அங்கேதான். சுண்ணாம்பு கரையும்போது ஒவ்வொரு கால்சியம் கார்பனேட்டும் ஒரு கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துக்கொண்டு, கால்சியமாகவும் இரண்டு பைகார்பனேட்டாகவும் நீரில் சேர்கிறது. வயிற்று அமிலத்துக்கு விழுங்கும் சுண்ணாம்பு மாத்திரை செய்கிற வேலைதான் இது. கடல் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தன் தரையில் பரப்பி வைத்திருந்த மாத்திரையை எடுத்து விழுங்கியது. காலியான டப்பாதான் அந்தச் செங்களிமண்.

ஆனால் இந்த மாத்திரை உடனே கைக்கு எட்டாது. வாயு கரைவது மேற்பரப்பில், சுண்ணாம்பு கிடப்பது அடியில். மேல்நீர் ஆழத்துக்குப் போய்க் கடல் முழுவதும் ஒரு சுற்றுக் கலந்து வர ஆயிரம் ஆண்டு அளவில் ஆகும். அதுவரை அடி முழுதும் மருந்து இருந்தும் மேலே நோய்தான். கலந்த பிறகும் கரைவதற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். இன்னொரு தடையும் உண்டு. சுண்ணாம்பு கரையக் கரைய மிஞ்சும் களி மேலே மூடி போட்டுவிடும். நூறு மீட்டர் சுண்ணாம்பு கீழே இருந்தாலும் கடல்நீருக்குக் கிடைப்பது மேலே இருக்கும் சில பத்து சென்டிமீட்டர்தான்.

இந்த முதலுதவியால் கார்பன் போய்விடவில்லை என்பதையும் சொல்லுங்கள். காற்றில் இருந்த வாயு கடலில் பைகார்பனேட்டாகப் பத்திரமாக மாறியிருக்கிறது, அவ்வளவே. காற்றிலும் கணிசமாக மிச்சம் நிற்கும். நாம் இப்போது விடும் வாயுவுக்கும் இதே கணக்குதான்: கலப்பும் கடல்தரைக் கரைப்பும் தங்கள் வேலையைப் பெருமளவு முடித்த பிறகும், பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து, விட்டதில் ஐந்தில் ஒரு பங்கு போலக் காற்றிலேயே இருக்கும்.

மிச்சத்தைத் தீர்ப்பது நிலத்தின் வேலை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழைநீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடைக் கரைத்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகத்தான் விழுகிறது. அது கருங்கல்லையும் எரிமலைப் பாறையையும் மிக மெதுவாக அரிக்கும். அந்தப் பாறைகளின் சிலிக்கேட் கனிமங்களிலிருந்து கால்சியம் விடுபட்டு, வாயு பைகார்பனேட்டாகி, இரண்டும் ஆற்றோடு கடலுக்கு வரும். கடலில் உயிரிகள் அவற்றை எடுத்து ஓடு கட்டும், ஓடு அடியில் படியும். கணக்கைப் பார்த்தால் காற்றிலிருந்து இரண்டு கார்பன் வந்தது. ஓடு கட்டும்போது ஒன்று திரும்பக் காற்றுக்குப் போகும், இன்னொன்று கல்லோடு கல்லாகப் புதைந்துவிடும். சுண்ணாம்புப் பாறை மழையில் கரைந்தாலும் கடலுக்குக் காரம் வரும். ஆனால் அந்தக் கார்பனில் பாதி பாறையிலிருந்தே வந்தது, ஓடு கட்டும்போது கணக்கு நேராகிவிடும், காற்றிலிருந்து நிகரமாக எதுவும் போகாது. ஆகவே சுண்ணாம்புப் பாறை கைமாற்றுக் கடன் மாதிரி. அசலை அடைப்பது சிலிக்கேட் பாறை.

இதில் ஒரு நுட்பம். வெப்பம் ஏறினால் மழை கூடும், அரிப்பும் வேகமாகும், வாயு வேகமாக இழுக்கப்படும். வாயு குறைந்து குளிர்ந்தால் அரிப்பும் தானாகக் குறையும். பூமிக்கு இப்படி ஒரு வெப்பச் சீராக்கி இருப்பதை வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூவர் 1981-இல் எழுதினார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கடல் கொதித்தும் போகாமல் முழுக்க உறைந்தே கிடக்காமலும் இருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. குறை ஒன்றுதான்: இது வேலை செய்யும் வேகம் லட்சம் ஆண்டுக் கணக்கு. பாலியோசீன்–ஈயோசீன் வெப்ப உச்சம் தொடங்கி முடிய ஏறக்குறைய 1,70,000 முதல் 2,00,000 ஆண்டுகள் பிடித்தன.

இதெல்லாம் ஊகம்தானே என்று பையன் கேட்டால், தடயம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்தக் காலக் கடல் வண்டலில் ஆஸ்மியம் ஐசோடோப்பு விகிதம் கண்டப் பாறையின் பக்கம் சாய்கிறது. நிலத்திலிருந்து வழக்கத்தைவிட அதிகமாகக் கரைந்து வந்திருக்கிறது என்று பொருள். லித்தியம் ஐசோடோப்புகளும் அதையே சொல்கின்றன. வட ஸ்பெயினில் பிரனீஸ் மலையடிவாரத்தில், அமைதியான மண் அடுக்குகளுக்கு மேல் சடாரென்று கூழாங்கல்லும் சரளையுமாக ஒரு பரந்த அடுக்கு வருகிறது. காலம் பார்த்தால் சரியாக இந்த வெப்ப உச்சத்தின் தொடக்கம். பேய்மழை பெய்து ஆறுகள் கல்லை உருட்டி வந்திருக்கின்றன. நிலத்தில் செடிகொடிகளும் கடலில் மிதவை உயிரிகளும் தம் பங்குக்குக் கார்பனைப் புதைத்தன. மீட்சியின் கடைசிக் கட்டம் பாறை அரிப்பு மட்டும் தரக்கூடியதைவிட வேகமாக இருந்ததற்கு அதுவும் காரணம் என்று பலர் கருதுகிறார்கள்.

மீட்சியில் கடல் ஒரு விசித்திரம் செய்தது. வெள்ளை திரும்பி வந்தபோது பழைய அளவில் நிற்கவில்லை. 2012-இல் அதே ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் ஆழ்கடலில் துளையிட்டது. அங்கே சில இடங்கள் வெப்ப உச்சத்துக்கு முன்பே சுண்ணாம்பு நிற்காத அளவுக்கு ஆழமானவை. அப்படிப்பட்ட இடத்தில்கூட மீட்சிக் காலத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. சுண்ணாம்பு கரைந்து தீரும் எல்லை முன்பு இருந்த இடத்தையும் தாண்டி ஆழத்துக்கு இறங்கிவிட்டது. காரணம் ஆறுகள்தான். உலகம் இன்னும் சூடாகவே இருக்கிறது, பாறை அரிப்பும் முழு வேகத்தில் நடக்கிறது, காரம் வந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. கடலின் கார்பனேட் கையிருப்போ ஏற்கெனவே நிரம்பிவிட்டது. வேறு வழியில்லாமல் உபரியை அடியில் கொட்டுகிறது. கையிருப்பு நிரம்பி வழியும் அந்த நேரத்திலும் காற்றில் வாயு இன்னும் கூடுதலாகத்தான் இருந்தது, பி.எச். பழைய நிலைக்கு வரவில்லை.

இந்த இடத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் மாணவியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பி.எச். வேறு, கார்பனேட் கையிருப்பு வேறு. இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அப்படியல்ல. வாயு லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெதுவாகக் கூடினால், ஆறுகள் ஈடுகொடுத்துக் காரத்தைக் கொண்டுவந்துவிடும். பி.எச். கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆனால் சரக்கு முழுசாக இருக்கும். டைனோசர்கள் திரிந்த கிரிட்டேசியஸ் காலத்தில் நடந்தது அதுதான். அன்றைய கடல்நீரில் கால்சியமும் இன்றைவிட அதிகம். அதனால் காக்கோலித்தோஃபோர் என்ற நுண்பாசிகள் தங்கள் சுண்ணாம்புத் தகடுகளை உதிர்த்துக்கொண்டே இருந்தன. இங்கிலாந்தின் டோவர் வெண்பாறைகள் அந்தத் தகடுகளின் குவியல்தான். அதே வாயுவைச் சில நூறு ஆண்டுகளில் உள்ளே தள்ளினால் ஆறும் வராது, அடிச் சுண்ணாம்பும் கைகொடுக்காது. பி.எச்.சும் கையிருப்பும் சேர்ந்தே விழும். எவ்வளவு வாயு என்பதைவிட எவ்வளவு வேகம் என்பதுதான் ஓடு கட்டும் உயிருக்கு முக்கியம்.

வேகக் கணக்கைப் பையனிடமே போடச் சொல்லலாம். நியூ ஜெர்சியின் கரையோர வண்டலைக் கொண்டு ரிச்சர்ட் ஸீபி குழுவினர் 2016-இல் போட்ட கணக்குப்படி, அன்று கார்பன் சேர்ந்த முதல் கட்டம் குறைந்தது 4,000 ஆண்டுகள் நீடித்தது. வேகம் ஆண்டுக்கு அதிகபட்சம் சுமார் 110 கோடி டன் கார்பன். இன்று நாம் எரித்து வெளியேற்றுவது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன். ஏறக்குறைய ஒன்பது பத்து மடங்கு. பாறை அரிப்பு வழக்கமாக எரிமலை வாயுவுக்குத்தான் ஈடுகொடுக்கிறது; அந்த எரிமலை வாயு நாம் விடுவதில் நூறில் ஒரு பங்கு அளவே. பாறையைப் பொடித்துத் தூவி இந்த அரிப்பை வேகப்படுத்தலாமா என்று சோதனைகள் நடக்கின்றன. பிள்ளைகளில் யாராவது அதைக் கேட்டால் இந்த நூறு மடங்கு இடைவெளியை முதலில் காட்டுங்கள், வேலையின் அளவு புரியும்.

பையன் அடுத்துக் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: “சரி மிஸ், அப்ப எல்லாம் செத்துப்போச்சா?” மழுப்பாமல் சொல்லுங்கள், இல்லை. நிலத்தில் பாலூட்டிகள் செழித்தன; குதிரையின் மூதாதையும் நம் குரங்கினத்தின் மூதாதையும் புதைபடிவங்களில் தலைகாட்டும் காலம் அது. கடலின் மேல்நீர் மிதவை உயிரிகள் பெரும்பாலும் இடம் மாறிச் சமாளித்தன. அடி வாங்கியது ஆழ்கடல்: தரையில் வாழ்ந்த ஃபோராமினிஃபெரா இனங்களில் 30 முதல் 50 சதவீதம் அழிந்தன. அதில் அமிலமாதல் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, ஆக்சிஜன் குறைவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். இன்று மறைந்துபோன டெதிஸ் என்ற பழைய கடலின் ஓரங்களில் பவளத்திட்டுகள் பின்வாங்கி, அந்த இடத்தைக் காசு அளவுக்கு வளரும் பெரிய ஃபோராமினிஃபெராக்கள் பிடித்துக்கொண்டன. பி.எச். திரும்பி வந்தது, சுண்ணாம்பும் திரும்பி வந்தது. அழிந்த இனங்கள் வரவில்லை. நாங்கள் “கடல் மீண்டது” என்று எழுதும்போது நீரின் வேதியியலைத்தான் சொல்கிறோம். படிப்பவர்கள் கடல் முழுவதையும் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள், அது எங்கள் எழுத்தின் குறைதான்.

மருந்து எல்லாக் காலத்திலும் கைவசம் இருந்ததில்லை என்பதையும் நேரம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு ஓடு கட்டும் மிதவை உயிரிகள் ஆழ்கடல் தரையை வெள்ளையடிக்க ஆரம்பித்ததே டைனோசர் காலத்தின் நடுப்பகுதியில்தான். அதற்கு முன் சுண்ணாம்பு பெரும்பாலும் கரையோர ஆழமற்ற கடலில் படிந்தது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில் சைபீரிய எரிமலைகள் வாயுவைக் கொட்டியபோது ஆழ்கடலில் இப்படி ஒரு மாத்திரைக் கிடங்கு கிடையாது. கடல் உயிரினங்களில் பெரும்பகுதி அன்று அழிந்தது, உலகம் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டுகள் ஆயின. கிடங்கு இல்லாதது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கடலில் இன்னும் பல கோளாறுகள் இருந்தன.

கடைசியாக, வகுப்பில் செய்துகாட்ட ஒன்று. இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் ஒரே அளவு தண்ணீர், இரண்டிலும் நன்றாகப் பொடித்த முட்டை ஓடு ஒரே அளவு. கரும்பலகை சாக்பீஸைப் பொடித்துப் போடாதீர்கள். இப்போது வரும் சாக்பீஸ் பல ஜிப்சத்தில் செய்தவை, வினிகர் பட்டாலும் அசையாது. நான் ஒரு முறை மாணவர்கள் முன்னால் அப்படி அசடு வழிந்திருக்கிறேன். இரண்டு குடுவைக்கும் சேர்க்கப்போகும் வினிகரும் சம அளவு, ஆனால் ஓட்டுப் பொடி முழுவதும் கரைந்துபோகாத அளவுக்குக் குறைவாக இருக்கட்டும். முதல் குடுவையில் மொத்தத்தையும் ஒரே மூச்சில் ஊற்றிவிடுங்கள். இரண்டாவதில் ஒரு நாளைக்குச் சில சொட்டு, ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்கி, ஒரு வாரத்துக்குப் பரப்பிச் சேருங்கள். பி.எச். தாளை இரண்டிலும் முக்கிப் பாருங்கள். முதல் குடுவையில் பி.எச். சட்டென்று விழுந்து, ஓடு கரையக் கரைய மெல்ல ஏறும். இரண்டாவதில் அவ்வளவு பெரிய வீழ்ச்சியே இருக்காது. வாரக் கடைசியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். கடலின் முழு வேதியியலும் இதில் இல்லை, வேகத்தின் விளைவு மட்டும் இருக்கிறது. வகுப்புக்கு அது போதும்.

திங்கட்கிழமை ஆரம்பித்தால் வசதி. முதல் குடுவையில் வினிகர் ஊற்றிய நாளில் மட்டும் தாளை ஒரு முறை அல்ல, பீரியடுக்கு ஒரு முறை முக்கிப் பார்க்க வேண்டும். மறுநாள் பார்த்தால் பி.எச். விழுந்த பள்ளம் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். எண்களைக் குறித்து வைக்கும் நோட்டை அந்தப் பையனிடமே கொடுத்துவிடுங்கள்.